விட்டநாள் பிள்ளைகள்

பள்ளிக்கூடம் விசுவமடுவில் இருந்தது. நாங்கள் இடம்பெயர்ந்து வந்து ஓலைக் கொட்டில் போட்டிருந்த குடியேற்றம் அங்கிருந்து ஏழு கட்டை, ஏழு மைல், தள்ளி, காட்டுக்கரையில். பஸ் இல்லை. டீசல் வன்னிக்குள் வருவதற்குத் தடை. சைக்கிள் இருந்த வீடுகளில் விடியவே தகப்பன்மார் விறகுக்கும் கூலிக்கும் அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆகவே பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனது உழவு இயந்திரத்தின் பின்னால் கொழுவிய பெட்டியில். இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடியது. புகை முழுவதும் பெட்டிக்குள்தான் வரும். வீடு திரும்பிய பிள்ளையின் தலையை முகர்ந்தால் குப்பிவிளக்கு மணக்கும்.

அந்தப் பெட்டியில் பிள்ளைகளை எண்ணி ஏற்றுவதும் எண்ணி இறக்குவதும் என் வேலை. யாரும் தந்ததல்ல, நானாக எடுத்துக்கொண்டது. அதற்கு முன் ஒருநாள் வானத்தில் வண்டு சுற்றத் தொடங்கியது. வேவு பார்க்கிற விமானத்தை அப்படித்தான் சொல்வோம். அது சுற்றினால் குண்டு போடுகிற விமானம் பின்னால் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். அவசரத்தில் பிள்ளைகளை அள்ளிப்போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். வந்து பார்த்தால் ஒரு சின்னப் பெண் குறைவு. அது பள்ளிக்கூடத்துப் பதுங்குகுழிக்குள் தனியே இருந்து அழுதுகொண்டிருந்தது. அதன் பிறகு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. தினமும் பெட்டியில் ஏறிவிடுவேன். என் வயதுக்கு அந்தக் குலுக்கல் கூடாது என்று சொன்னவர்களுக்கு, வீட்டில் இருந்தால் நெஞ்சு அதைவிடக் குலுங்குகிறது என்று சொன்னேன்.

எண்ணுவது எனக்குப் பழகிய தொழில். முப்பது வருடம் அரசாங்க நெல் களஞ்சியத்தில் மூட்டை எண்ணினவன். களஞ்சியத்தில் முதல் மூட்டையை ‘ஒன்று’ என்று சொல்வதில்லை. ‘லாபம்’ என்று சொல்லித்தான் தொடங்க வேண்டும். அடுத்தது இரண்டு, மூன்று என்று போகும். பிள்ளைகளையும் அப்படியே எண்ணினேன். அவர்களுக்கு அது பெரிய பகிடி, சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். உழவு இயந்திரம் நின்ற வளவு, வேலி போட்ட அந்தக் காணி, எங்கள் கொட்டிலுக்கு அடுத்தது. அதனால் எப்போதும் முதலில் ஏறுகிறவள் என் பேத்தி. பெட்டிக்குள் அவளுக்குப் பெயரே லாபம் என்றாகிவிட்டது.

அவளுக்கு அப்போது பத்து வயது. தகப்பன் இடம்பெயர்ந்த வழியிலேயே எறிகணையில் போய்விட்டார். தாய், என் மகள், வயிற்றில் ஒரு கட்டிக்கு ஒப்பரேசன் செய்ய வன்னிக்கு வெளியே போக அனுமதி, பாஸ், எடுத்து வவுனியாவுக்குப் போனாள். ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. திரும்பி வருவதற்குள் பாதை பூட்டுப்பட்டது. அவளை வவுனியாவிலேயே நெளுக்குளத்தில் ஒரு முகாமில் வைத்திருக்கிறார்கள் என்று அங்கிருந்து வந்த ஒருவர் சொன்னார். போகிற அன்று வேலிப் படலையில் நின்று, சிரிப்பும் அழுகையுமாக எனக்குச் சொல்லிவிட்டுப் போனவள்:

“அப்பா, ஒண்டு தந்திட்டுப் போறன். வந்து கேப்பன். ஒண்டாத் திருப்பித் தாங்கோ.”

“மூட்டையே? குறையாது, போட்டு வா” என்றேன்.

அந்தப் பகிடிதான் பிறகு என்னை நித்திரை கொள்ள விடாமல் செய்தது.

அந்த வருடம் மாரி பிந்திப் பெய்து, பொங்கலுக்குப் பிறகும் பள்ளங்களில் தண்ணீர் நின்றது. பிறகு காய்ச்சல் வந்தது. வன்னியில் மலேரியா புதிது இல்லை. அங்கேயே பிறந்தவர்கள் அதைச் சொந்தக்காரனைப்போல் நடத்துவார்கள். யாழ்ப்பாணப் பக்கமிருந்து வந்த எங்கள் உடம்புக்கு அது பழக்கமில்லை. ஒரு வீட்டில் தொடங்கினால் அந்த வீட்டில் ஒருவரையும் விடாது. வேலிகளுக்கு நடுவே போகிற எங்கள் ஒழுங்கையில் பதினொரு கொட்டில். மாசி பிறக்கும்போது காய்ச்சல் நுழையாதது இரண்டு. அதில் ஒன்று எங்களுடையது. அது எனக்கு நிம்மதியைத் தரவில்லை, பயத்தைத்தான் கூட்டியது. எங்களிடம் ஒரு நுளம்பு வலை இருந்தது. பகலில் அதை வெயிலுக்குப் பிடித்து ஓட்டை தேடித் தேடித் தைத்தேன். பின்னேரம் கொட்டிலைச் சுற்றி வேப்பிலை புகைத்தேன். பேத்தி இருமி இருமி, “அம்மப்பா, நுளம்புக்கு முதல் நான் செத்துப்போவன்” என்பாள். “அந்தச் சொல்லைச் சொல்லாதை” என்று அதட்டுவேன்.

அந்தக் காய்ச்சலுக்கு ஒரு முறை இருந்தது. ஒருநாள் மத்தியானம் குளிரத் தொடங்கும். எத்தனை சாக்குப் போர்த்தாலும் பல் அடிக்கும். பிறகு கொதிக்கும். பிறகு வேர்த்துக் கொட்டி விட்டுவிடும். அடுத்தநாள் ஒன்றுமே இராது. பிள்ளை எழும்பிப் பழஞ்சோறு கேட்கும், ஓடி விளையாடும். அதற்கு அடுத்தநாள் அதே நேரத்துக்குத் திரும்பக் குளிரும். காய்ச்சல் வருகிற நாளை முறைநாள் என்றும், இல்லாத நாளை விட்டநாள் என்றும் சொன்னோம். தெருவில் கண்டால் சுகம் விசாரிப்பது போய், “உங்களுக்கு இண்டைக்கு என்ன நாள்?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

பெட்டியில் பிள்ளைகள் குறைந்துகொண்டு வந்தார்கள். முழுக்கணக்கு இருபத்தாறு. ஒருநாள் ஒன்பது பேர்தான் வந்தார்கள். அன்று பின்னேரம் கடையடிப் பாலைமரத்துக்குக் கீழே தாய் தகப்பன்மார் கூடினார்கள். உழவு இயந்திரக்காரர் முதலில் கதைத்தார். அவர் மலைநாட்டிலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து காடு வெட்டித் தோட்டம் செய்தவர். இருபது வருடம் வன்னியில் இருந்தும் அவருடைய பேச்சு முழுக்க மாறவில்லை.

“ஒம்பது புள்ளைக்கும் அதே எண்ணெதான், இருவத்தாறு புள்ளைக்கும் அதே எண்ணெதான். இப்புடியே ஓடினா மாசக் கடைசிக்கு எண்ணெ காணாது. பெறகு ஒருத்தரும் போக ஏலாது.”

பொதுக் கிணற்றுக்கு அருகில் ஒரு பெண்ணின் கொட்டில் இருந்தது. புருசன் காணாமற்போனவர். ஒரே மகன், பேத்தியின் வகுப்பு. அவளுக்கு வாய் கொஞ்சம் கூட.

“நிப்பாட்டுங்கோ எண்டுறன்” என்றாள். “ஒண்டின்ர மடியிலை ஒண்டு குந்திக்கொண்டு போகுதுகள். வருத்தம் ஒட்டாமல் என்ன செய்யும்?”

“தங்கச்சி, இது நுளம்பு கடிச்சு வர்றது. நுளம்பு என் பொட்டியிலயா குடியிருக்கு? ஒங்க கெணத்தடிச் சேத்துலதான் இருக்கு.”

“என்ர கிணத்தடியோ? ஊரெல்லாம் வந்து குளிச்சு ஊத்திற தண்ணிக்கு நான் பொறுப்போ? உங்கட மனுசி நேற்று எத்தினை வாளி ஊத்தினவா எண்டு சொல்லட்டோ?”

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பெட்டி நின்றால் பள்ளிக்கூடம் நிற்கும், ஓடினால் காய்ச்சல் பிள்ளை வழியில் விழும். இரண்டையும் நினைத்துக்கொண்டு இருந்தேன். கடைசியில் யாரோ ஒருவர் வழி சொன்னார்: முறைநாள் பிள்ளை வீட்டில் நிற்கட்டும், விட்டநாள் பிள்ளை வரட்டும். இன்றைக்கு ஒரு பாதி, நாளைக்கு மறுபாதி. பெட்டி ஒருநாளும் வெறுமையாக ஓடாது, காய்ச்சலோடு ஒரு பிள்ளையும் ஏறாது. எல்லாருக்கும் அது நல்ல முடிவாகப் பட்டது. காய்ச்சல் இல்லாத நாளில் பிள்ளை சுகமான பிள்ளைதானே. எனக்கும் அப்படித்தான் பட்டது. என்னை நம்பி ஒரு பொறுப்பையும் தந்தார்கள். எந்தப் பிள்ளைக்கு எந்த நாள் என்று நான் நினைவில் வைத்திருக்க வேண்டும். அது எனக்குச் சுலபம். ஒரு பிள்ளை நாள் மாறி ஏற வந்தால், “உனக்கு இண்டைக்கு முறை, இறங்கு” என்பேன். பரீட்சை நாட்களில் சில பிள்ளைகள் அழுதார்கள். நான் விடவில்லை.

மாசி நடுவில் பேத்திக்கு வந்தது.

கஞ்சி குடித்துக்கொண்டு இருந்தவள் கோப்பையை வைத்துவிட்டு, “அம்மப்பா, குளிருது” என்றாள். வெளியே நல்ல வெயில்.  பக்கத்து வளவில் சைக்கிள் இரவல் வாங்கி, அவளை ஏற்றி உருட்டிக்கொண்டு போய் இரத்தம் குத்துகிற இடத்தில் காட்டினேன். விரலில் குத்திக் கண்ணாடித் துண்டில் பூசிவிட்டு, விழுங்கக் குளிசை தந்தார்கள். சொன்னபடி ஒன்றும் தவறாமல் கொடுத்தேன். வயிறு பிரட்டிச் சத்தி எடுத்தால் திரும்பவும் கொடுத்தேன். காய்ச்சல் மூன்று தரம் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது. நாலாம் தரம் வரவேண்டிய நாளில் உடம்பு லேசாகச் சுட்டுவிட்டுத் தணிந்தது. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அதற்கு அடுத்தநாள் அவளுக்கு விட்டநாள். அவளே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். புறங்கையால் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ச்சியாக இருந்தது. பெட்டியில் ஏற்றி “லாபம்” என்றேன். அன்று பதினேழு பேர். காய்ச்சல் தொடங்கிய பிறகு அவ்வளவு பேர் வந்தது அன்றுதான். மேலே விமானத்துக்குத் தெரியாமல் இருக்கப் பெட்டியைச் சுற்றி இலைக்குழை கட்டியிருந்தோம். குழைக்குள் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள்.

திரும்பி வரும்போது அவள் மூலையில் சாக்குக்கு மேல் சாய்ந்திருந்தாள். வெயில் களைப்பு என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு கட்டை வந்திருப்போம். கிணற்றடி வீட்டுப் பையன் என்னைச் சுரண்டினான்.

“அப்பு, லாபம் ஒரு மாதிரிக் கதைக்கிறாள்.”

நகர்ந்து போய்க் கேட்டேன். “என்ன பிள்ளை?”

அவள் என்னைப் பார்த்தாள். பார்த்த கண்ணில் என்னைத் தெரிந்த அடையாளம் இல்லை. “கதவைப் பூட்டுங்கோ, மாடு வருகுது” என்றாள். எங்கள் கொட்டிலுக்குக் கதவே இல்லை. கழுத்தைத் தொட்டேன். கை சுட்டது.

அப்போது என் புத்தி என்ன செய்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. நான் விரல் மடித்து நாள் எண்ணினேன். முந்தாநாள் விட்டநாள், நேற்று முறைநாள், இன்றைக்கு விட்டநாள். இன்றைக்குக் காய்ச்சல் வராது. வரக்கூடாது. கணக்குப் பிழையோ என்று திரும்ப முதலிலிருந்து எண்ணினேன். கணக்கில் பிழை இல்லை. அவள் என் முன்னால் எரிந்துகொண்டிருந்தாள். மூன்றாம் தரம் எண்ணத் தொடங்கும்போது அவளுக்குக் கண் மேலே செருகி, கை கால் இழுக்கத் தொடங்கியது.

பிள்ளைகள் கத்தினார்கள். இயந்திரம் இரைந்தபடியே நின்றது. உழவு இயந்திரக்காரர் பின்னால் ஓடிவந்து பார்த்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த ஸ்பானரை எடுத்து அவளுடைய உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

“இரும்ப புடிக்கணும். விட்றாதீங்க ஐயா, இறுக்கிப் புடிங்க.”

நான் பிடித்தேன். இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்கும் என்று நம்புகிற ஆள் இல்லை நான். ஆனாலும் இரண்டு கையாலும் பிடித்தேன்.

நாங்கள் நின்றது சந்தி. இடப்பக்கம் எங்கள் காட்டுப்பாதை, இன்னும் ஐந்து கட்டை. ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் திரும்பி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, பெருந்தெருவில் அதேயளவு தூரம் போகவேண்டும். பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போனால் அவள் இருப்பாளோ தெரியாது. பிள்ளைகளோடு போனால், பகலில் பெருந்தெருவில் ஒரு பெட்டி நிறையப் பிள்ளைகள். பெருந்தெருவில் ஓடுகிற எந்த வாகனத்தையும் மேலே இருப்பவன் சும்மா விடுகிற காலம் இல்லை அது. பதினாறு பேர் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பதினாறு தாய்மார் ஒழுங்கைகளில் நின்றுகொண்டிருப்பார்கள்.

நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

“ஏன் ஐயா பேசாம இருக்கீங்க?” என்றார் அவர். “இறக்கிட்டுப் போற கதையே இல்ல. புள்ளைங்களா, எல்லாம் கீழ குந்துங்க. தலையக் காட்டக் கூடாது. குழைய இழுத்து மேல போடுங்க.”

அவர் திருப்பினார். அந்தத் தூரம் எவ்வளவு நேரம் எடுத்தது என்று எனக்குத் தெரியாது. என் வாழ்க்கையில் நான் எண்ணாமல் விட்ட வழி அது ஒன்றுதான். பிள்ளைகள் குழைக்குக் கீழே ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் இருந்தார்கள். இயந்திரத்தின் சத்தத்துக்குள் வேறு சத்தம் கேட்கிறதா என்று மேலே காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கிணற்றடி வீட்டுப் பையன் தன் தண்ணீர்ப் போத்தலைக் கவிழ்த்துத் துணி நனைத்து அவளுடைய நெற்றியில் போட்டபடி வந்தான். அவனுடைய கையும் சுடுகிறது என்று அப்போது நான் கவனிக்கவில்லை.

ஆஸ்பத்திரியும் எங்களைப்போல இடம்பெயர்ந்து வந்ததுதான். ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்துக்குள் நடந்துகொண்டிருந்தது. கட்டில் போதாமல் பாயிலும் ஆட்கள். பேத்தியைக் கையில் வாங்கிய டொக்டர் அம்மா, நான் சொல்லி முடிக்கும் முன்பே ஊசி போடச் சொல்லிவிட்டார். பிறகு இரத்தம் பார்த்துவிட்டு வந்து சொன்னார்:

“ரெண்டு வகைக் காய்ச்சலும் ஒண்டா இருக்கு ஐயா. நீங்கள் குடுத்த குளிசை ஒண்டுக்குத்தான் கேட்டிருக்கு. மற்றது முறை பார்த்து வாறதில்லை. அது மூளைக்கு ஏறீட்டுது.”

“பிழைப்பாளோ?”

“குயினைன் ஏத்தியிருக்கிறன். நாளைக்கு மத்தியானம் வரையும் என்னட்டைக் கேளாதேங்கோ.” அவர் வெளியே பார்த்தார். மரத்துக்குக் கீழே பெட்டி நின்றது. பிள்ளைகள் குழையோடு இறங்கி வரிசையில் குந்தியிருந்தார்கள். “உதுகள் ஆர்?”

“பள்ளிக்கூடப் பிள்ளையள். என்னோடை வந்ததுகள்.”

“உதுகளுக்குக் காய்ச்சல் இல்லையோ?”

“எல்லாருக்கும் வந்ததுதான். இண்டைக்கு இல்லை. விட்டநாள் பிள்ளையள்.”

அவர் கோபிக்கவில்லை. கோபிக்கிற அளவுக்கு அவருக்குப் பலம் இருந்ததாகத் தெரியவில்லை. “காய்ச்சல்தான் நாள் விட்டு நாள் வாறது. கிருமி வீட்டுக்குப் போட்டு வாறதில்லை” என்று சொல்லிவிட்டு, எல்லாருடைய விரலிலும் குத்தச் சொன்னார்.

மைக்றோஸ்கோப் ஒன்றுதான். யன்னல் வெளிச்சத்தில் வைத்து ஒருவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்த்து முடிய வெயில் சாய்ந்துவிட்டது. பதினாறு பேரில் ஒன்பது பேரின் இரத்தத்தில் கிருமி இருந்தது. காலையில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்த பிள்ளைகள்.

அதற்குள் தாய் தகப்பன்மார் வரத் தொடங்கினார்கள். பெட்டி வராததால் ஒழுங்கை முழுக்கத் தெருவுக்கு வந்திருக்கிறது. விறகுச் சைக்கிளில் வந்த ஒருவர், பிள்ளைகளின் பெட்டி ஆஸ்பத்திரிப் பக்கம் போனதைக் கண்டேன் என்று சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் அதற்கு ஒரு விளக்கம்தான். எல்லாரும் கிடைத்த சைக்கிளில் இருவர் மூவராக ஏறி, குண்டில் செத்த பிள்ளைகளைப் பொறுக்க வருகிறவர்களாக வந்தார்கள். முதலில் வந்தவள் கிணற்றடி வீட்டுக்காரி. சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து மகனைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். இரத்தம் இல்லை என்று கண்ட பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“உங்கட பேத்திக்கு வருத்தமெண்டால் ஊர்ப் பிள்ளையளையும் கொண்டுவந்து குண்டுக்குக் காட்டுவியளோ? எண்ணுறன் எண்ணுறன் எண்டு சொல்லிக் கூட்டிக்கொண்டு போனது இதுக்கோ அப்பு? வழியெல்லாம் நான் இவன்ர சட்டையை மட்டும் தேடிக்கொண்டு வந்தனான்.”

நான் அவள் போட்ட சைக்கிளை எடுத்து நிமிர்த்தினேன்.

“பேச்ச நிறுத்து தங்கச்சி” என்றார் உழவு இயந்திரக்காரர். “திருப்பினது நான். ஏசுறதுன்னா என்ன ஏசு. ஒம் மகனுக்கும் இருக்காம், உள்ள போய்க் கேளு.”

டொக்டர் அம்மா வாசலில் நின்றார். “ஏற்கெனவே இவனுக்குக் குளிசை தந்ததெல்லோ? எல்லாம் குடுத்தனீங்களோ?”

அவள் சேலைத் தலைப்பை முன்னால் இழுத்து, நுனியிலிருந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். இறுகிப்போயிருந்ததால் அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தாள். உள்ளே கடதாசித் துண்டில் சுற்றிய குளிசைகள்.

“முதல் நாள் குடுக்கக் காய்ச்சல் விட்டிட்டுது டொக்டர். சும்மா ஏன் வீணாக்குவான், திரும்பி வந்தால் உதவும் எண்டு…”

பின்னால் நின்ற இன்னொரு தாய் தலையைக் குனிந்தாள். இன்னொருத்தி, “எங்கட தேயிலைத் தகரப் பேணிக்குள்ளை கிடக்கு” என்றாள் மெதுவாக. மண்ணெண்ணெய், சவர்க்காரம், நெருப்புக்குச்சி என்று எல்லாவற்றையும் மிச்சம் பிடித்துப் பழகிய கைகள். காய்ச்சல் விட்டவுடன் குளிசையையும் மிச்சம் பிடித்துவிட்டன. எங்கள் ஒழுங்கையில் அரைவாசி வீடுகளில் பிள்ளைகளின் சுகம் முடிச்சுக்குள்ளும் பேணிக்குள்ளும் கிடந்தது. எத்தனையோ பகல்கள் அந்த வீடுகளுக்கு முன்னால் நின்று, இன்றைக்கு யார் சுகம், யார் சுகமில்லை என்று நான் கணக்குச் சொல்லியிருக்கிறேன்.

அவள் அந்தக் குளிசைகளை டொக்டரின் கையில் கொடுத்துவிட்டு மகனின் தலையைத் தன் வயிற்றோடு பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம் வந்தாள்.

“பேத்தி எப்பிடி?”

“நாளைக்கு மத்தியானம் வரையும் கேக்க வேண்டாமாம்.”

இருட்டுவதற்கு முன் பிள்ளைகளைக் கொண்டுபோக வேண்டும். மருந்து கொடுத்து, எல்லாரையும் பெட்டிக்குக் கொண்டுவந்தார்கள். நான் ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும். ஆனால் ஏற்றும்போது எண்ணாமல் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பெட்டியடியில் போய் நின்றேன். முதல் பிள்ளை ஏற வந்தது. ஏறாமல் நின்று என் முகத்தைப் பார்த்தது. பின்னால் நின்ற பிள்ளைகளும் பார்த்தார்கள். ‘லாபம்’ என்ற அந்தச் சொல்லை நான் எப்படி இன்னொரு பிள்ளைக்குச் சொல்வது? சொன்னால் உள்ளே கிடக்கிறவளுக்கு என்ன நடக்கும்? நான் படித்தவன், அரசாங்க வேலை பார்த்தவன். இருந்தும் சொல்லப் பயந்தேன்.

“இரண்டு” என்றேன்.

பிள்ளை ஏறியது. மூன்று, நாலு. கடைசிப் பிள்ளை ஏறும்போது கணக்குப் பதினேழில் வந்து நின்றது, அவளும் உள்ளே இருக்கிற மாதிரி.

கிணற்றடி வீட்டுக்காரி தன் சைக்கிளை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் பெட்டியில் ஏறினாள். “நான் எண்ணி இறக்கிறன் அப்பு. நீங்கள் பிள்ளையோடை நில்லுங்கோ.” கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: “நானும் ரெண்டிலையிருந்தோ தொடங்க வேணும்?”

“ஓம் பிள்ளை. இரண்டிலையிருந்து.”

உழவு இயந்திரக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டார். “ஐயா, அந்த ஸ்பானரு… அத வச்சாதான் ஸ்டார்ட் ஆவும்.”

பேத்தியின் கையில் இருந்தது. உள்ளே போனேன். ஊசி குத்தாத கையில் அதை அப்படியே வைத்திருந்தாள். எடுக்கப் பார்த்தேன், விரல் விடவில்லை. அந்தப் பிடியில் எனக்கு ஒரு சின்ன நம்பிக்கை வந்தது. திரும்பிப் போய், விடுகிறாள் இல்லை என்றேன்.

“அப்ப இருக்கட்டும்” என்றார். “தள்ளி ஸ்டார்ட் பண்ணிக்கிறோம்.” தகப்பன்மார் எல்லாரும் சேர்ந்து தள்ளினார்கள்.

அடுத்தநாள் மத்தியானம் வந்தது. ஒன்றும் மாறவில்லை. டொக்டர் அம்மா வந்து கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அடுத்த பாய்க்குப் போனார். நான் சேலைன் சொட்டு விழுவதை எண்ணினேன். எண்ணிக்கொண்டிருந்தால் விழுந்துகொண்டே இருக்கும் என்று ஒரு எண்ணம். நெளுக்குளத்தில் இருக்கிறவளுக்கு யார் மூலம் என்ன சொல்வது என்று நினைக்கப் பயந்தேன். ‘ஒண்டாத் திருப்பித் தாங்கோ’ என்ற குரல் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. பக்கத்துப் பாயில் கிடந்த ஒரு குழந்தை அன்று போய்விட்டது. அதன் தாய் பாயைச் சுருட்டும்போது நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்கு அடுத்தநாள் காலை, ‘தங்’ என்று சத்தம் கேட்டுத் திடுக்கிட்டேன். ஸ்பானர் நிலத்தில் கிடந்தது. விரல்கள் விரிந்திருந்தன. என் உயிர் போய்விட்டது. முகத்தைப் பார்க்கப் பயந்து காலைத்தான் முதலில் தொட்டேன். கால் அசைந்தது.

“அம்மப்பா, மெசினை நிப்பாட்டச் சொல்லுங்கோ” என்றாள். “காதுக்குள்ளை ஓடுது.”

“மெசின் இஞ்சை இல்லை பிள்ளை.”

“என்ன? கேக்கேல்லை.”

பிறகுதான் டொக்டர் அம்மா சொன்னார். குயினைனுக்குக் காது அடைக்கும், இரையும், போகப் போகச் சரியாகும். அதுவரைக்கும், பிழைத்தவள் செவிடாகிப் போனாளோ என்ற புதுப் பயத்தோடு நான் அவளுடைய இரண்டு காதிலும் மாறி மாறிக் கத்திக்கொண்டிருந்தேன். வாட்டில் இருந்தவர்கள் அந்த வருத்தத்துக்குள்ளும் சிரித்தார்கள்.

அவள் வீடு வந்து மூன்று கிழமை, இருபத்தொரு நாள், வீட்டில் நின்றாள். பெட்டி ஓடியது. இப்போது விட்டநாள் கணக்கு இல்லை. குளிசை முழுவதும் குடித்து முடித்த பிள்ளைதான் ஏறலாம். கிணற்றடி வீட்டுக்காரி வீடு வீடாகப் போய், தன் கண்முன் விழுங்க வைத்துவிட்டு வருவாள். சேலைத் தலைப்பைக் காட்டச் சொல்லிப் பெண்களை அவள் படுத்திய பாடு தனிக்கதை. நான் ஏறுகிற ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் புறங்கையை வைத்துப் பார்த்து, இரண்டிலிருந்து எண்ணினேன். ஒரு பிள்ளையும் ஏன் என்று கேட்கவில்லை.

அவள் திரும்ப ஏறிய காலையில் உழவு இயந்திரக்காரர் இயந்திரத்தை உடனே எடுக்காமல் இருந்தார். பிள்ளைகளும் ஒழுங்கைகளிலிருந்து நேரத்தோடு வந்து வளவிலேயே நின்றார்கள். நான் அவளுடைய கழுத்தைத் தொட்டேன். இரண்டாம் தரமும் தொட்டேன். சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

அவள் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். “சொல்லீட்டீங்களோ அம்மப்பா? எனக்குச் சரியாக் கேக்கேல்லை.”

“லாபம்” என்றேன். முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன். பிறகு அடுத்த பிள்ளையைக் கைகொடுத்து ஏற்றினேன்.

பாதை திறந்து எங்களுக்குப் பாஸ் கிடைத்தது அந்த வருடக் கடைசியில்தான். நெளுக்குளத்து முகாம் வாசலில் என் மகள் ஓடிவந்தாள். பிள்ளையைக் கட்டிப்பிடிக்கும் முன் அவளுடைய கை கழுத்துக்குத்தான் போனது. யாரோ அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும்.

“காய்ச்சல் இல்லை” என்றேன், அவள் கேட்கும் முன்பே. “வழியிலையும் பார்த்துப் பார்த்துத்தான் வந்தனான்.”